தீர்மான நோட்டும் மைக்கும்

கிராம சபைன்னாலே தீர்மான நோட்டுதான். வெத்துப் பக்கத்துல முதல்ல கையெழுத்து, தீர்மானம் அப்புறமா சாவகாசமா எழுதிக்கலாம்ங்கறது ஊரறிஞ்ச புகார்.

இப்ப அந்த நோட்டுக்குப் போட்டி வந்தாச்சு மக்களே. 2025 ஆகஸ்ட்ல மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 'சபாசார்'னு ஒண்ணை இறக்கிச்சு. கூட்டத்தோட ஆடியோ, வீடியோவை ஏத்தினா செயற்கை நுண்ணறிவே கூட்டக் குறிப்பை எழுதிடும். ஆரம்பம் திரிபுராவுல. தமிழும் உண்டு.

பொட்டி தட்டற எனக்கு ஒரே கவலைதான். மைக் தலைவர் முன்னாடி இருக்கும். கடைசி வரிசையில "குழாய்ல தண்ணி வரலை"ன்னு கத்தற அக்கா குரல் அதுல விழலைன்னா, குறிப்புலயும் அவங்க இல்லை. நோட்டுல விட்டுப்போனா எழுதினவரைக் கேக்கலாம். மெஷின் விட்டா யாரைக் கேக்கறது?

அதனால குறிப்பை ஊர் முன்னாடி வாசிச்சுட்டு அப்புறம் கையெழுத்து வாங்கட்டும். அதுக்கு சாஃப்ட்வேரே வேணாம் :-) என்ன சொல்றீங்க?