தூண்கள் போயின, மிச்சம் ஆறு

இந்தோனேஷிய வரலாற்றின் முதல் பக்கம் எழுதப்பட்ட ஊர் முவாரா காமான். இன்று அதன் பிழைப்பும் கவலையும் மஹாகாம் நதியோடுதான்.

சமாரிண்டா படகுத்துறையிலிருந்து காலையில் கிளம்பும் இரண்டடுக்குப் படகுக்கு அவசரமே கிடையாது. கீழ்த்தளத்தில் அரிசி மூட்டைகள், மோட்டார் சைக்கிள்கள். மேல்தளத்தில் மெத்தை விரித்துப் படுத்திருக்கும் பயணிகள். மஹாகாம் நதியை எதிர்த்து ஏறும் படகு, சுல்தான்களின் தலைநகராக இருந்த தெங்காரோங்கைத் தாண்டியதும் கரையில் நகரத்தின் சாயல் குறைந்து சதுப்பும் புதரும் தொடங்கிவிடுகின்றன. இன்னும் சில மணி நேரத்தில், கெடாங் ரந்தாவ் என்ற கிளையாறு வந்து கலக்கும் இடத்தில் மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகள் தென்படுகின்றன. அதுதான் முவாரா காமான். ‘முவாரா’ என்றால் ஆற்றின் வாய். போர்னியோ தீவின் இந்தோனேஷியப் பகுதியான காலிமந்தானில், பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கும் ஊர்.

முதல் பார்வைக்கு இது மஹாகாம் கரையின் மற்ற ஊர்களைப் போலத்தான். கூத்தாய் மலாய்க்காரர்கள், பஞ்சார்கள், பூகிஸ்காரர்கள் என்று கலந்து வாழும் முஸ்லிம் குடும்பங்கள். இரும்பைப் போல உறுதியான ஊலின் மரத்தில் போட்ட நடைபாதை. கரையோரம் கட்டிய தெப்பங்களில் குளியல், துவையல், பாத்திரம் கழுவுதல் எல்லாம். வால்போல நீண்ட மோட்டார் பொருத்திய ‘கெதிந்திங்’ படகுகள் படபடத்துக்கொண்டு போகின்றன. வீடுகளுக்கு நடுவே ஜன்னலே இல்லாத உயரமான கட்டடங்கள் சில. அவை மனிதர்களுக்கானவை அல்ல. பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு உழவாரன் குருவிகளை உள்ளே வரவழைக்கிறார்கள். எச்சிலால் அவை கட்டும் கூடு சீனர்களின் சூப்புக்குப் போகிறது. நல்ல விலை.

ஆனால் இந்தோனேஷியாவின் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்தால் மனப்பாடம். 1879இல் இங்கே நான்கு கல்தூண்கள் கண்டெடுக்கப்பட்டன. 1940இல் மேலும் மூன்று. ஏழிலும் சமஸ்கிருத வாசகங்கள். எழுத்து, பல்லவர் எழுத்து என்று பொதுவாகச் சொல்லப்படும் தென்னிந்திய பிராமி. ஆண்டு எதுவும் பொறிக்கப்படாததால், எழுத்தின் வடிவத்தை வைத்து கி.பி. 400ஐ ஒட்டியவை என்று அறிஞர்கள் கணித்தார்கள். இந்தோனேஷியாவில் கிடைத்தவற்றில் இவையே மிகப் பழைய கல்வெட்டுகள். இவற்றுக்கு முந்தைய காலத்தை வரலாற்றுக்கு முற்பட்டது என்றும், இவற்றிலிருந்து வரலாறு என்றும் அந்நாட்டுப் பாடநூல்கள் பிரிக்கின்றன.

கல்வெட்டுகள் பேசுவது மூலவர்மன் என்ற அரசனைப் பற்றி. அவனது தந்தை அஸ்வவர்மன். பாட்டனார் குண்டுங்கா. அந்தக் கடைசிப் பெயரில் சமஸ்கிருத வாசனையே இல்லை. உள்ளூர்த் தலைவர் ஒருவரின் பிள்ளைகள், கடல் கடந்து வந்த மொழியையும் சடங்கையும் ஏற்று அரசர்களானார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இந்தியாவிலிருந்து படையெடுத்து வந்து யாரும் இங்கே ஆட்சி அமைத்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. மூலவர்மன் பொன்னை வாரி வழங்கினான், 20,000 பசுக்களைப் பிராமணர்களுக்குத் தானம் செய்தான் என்கிறது அது. இங்கு வந்து சேர்ந்த அந்தப் பிராமணர்களே தூணை நட்டதாகவும் சொல்கிறது.

தூணுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘யூபம்’. தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான சொல் அல்ல. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்களங்களில் யூபம் நட்டதைப் புறநானூறு பாடுகிறது. பாண்டிய நாட்டில் நின்ற அதே வகை வேள்வித் தூண், போர்னியோவின் உட்பகுதியில் ஓர் ஆற்றங்கரையிலும் நின்றிருக்கிறது.

நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இன்று அந்தத் தூண்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். டச்சுக்காரர்கள் காலத்திலேயே அவை ஆற்றோடு இறங்கிக் கடல் தாண்டிவிட்டன. தெங்காரோங் அருங்காட்சியகத்தில் இருப்பவை நகல்கள். முவாரா காமானில் எஞ்சியிருப்பது ‘லெசோங் பத்து’ என்று ஊரார் அழைக்கும் ஒரு நீண்ட கல். ‘கல்லுரல்’ என்று பொருள். மூலவர்மன் பெயரோ எங்கும் இருக்கிறது. சமாரிண்டாவின் பல்கலைக்கழகத்துக்கு அவன் பெயர், ராணுவப் பிராந்தியத்துக்கும் அவன் பெயர்.

இந்த ஆற்றில் எதுவுமே கீழ்நோக்கித்தான் போகிறது. தூண்களுக்குப் பிறகு மரம். 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் மேல்காடுகளில் வெட்டிய மரங்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். ‘பஞ்சிர் காப்’, மரவெட்டு வெள்ளம், என்றே அந்தக் காலத்துக்குப் பெயர். மரத்துக்குப் பிறகு நிலக்கரி. நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பங்கு கிழக்கு காலிமந்தானில்தான். தட்டையான, ராட்சத பார்ஜ்களில் கருப்புக் குன்றுகளாகக் குவித்து, இழுவைப் படகுகள் கட்டி இழுத்துப் போகின்றன. அவை கடக்கும்போது எழும் அலையில் தெப்பங்கள் ஆட்டம் காண்கின்றன. இந்தோனேஷிய நிலக்கரியை அதிகம் வாங்கும் நாடுகளில் சீனாவுடன் இந்தியாவும் முன்வரிசையில் நிற்கிறது. ஒரு காலத்தில் எழுத்தை அனுப்பிய திசைக்கு இப்போது கரி போகிறது.

ஊருக்கு எஞ்சுவது மீன். முவாரா காமானுக்கு மேலே செமாயாங், மெலிந்தாங், ஜெம்பாங் என்ற மூன்று பெரிய ஏரிகள் ஆற்றோடு இணைந்து கிடக்கின்றன. மழைக்காலத்தில் ஆறு பொங்கி ஏரிகளையும் சதுப்புக் காடுகளையும் நிரப்ப, மீன்கள் அங்கே பெருகுகின்றன. தண்ணீர் வடியும்போது ஆற்றுக்குத் திரும்புகின்றன. ‘ஹாருவான்’ என்று இங்கே சொல்லப்படும் விரால், கெளுத்தி வகைகள் எல்லாம் உப்பிட்டுக் காய்ந்து கருவாடாகவும் வெளியூர் போகின்றன.

அதே மீனை நம்பியிருக்கும் இன்னொரு குடும்பம் பெசுத். சப்பை மூக்குடைய ஆற்று டால்பின். நம் ஒடிசாவின் சிலிகா ஏரியில் இருப்பதும் இதே இனம்தான். சிற்றன்னையின் கொடுமையில் பசியால் வாடிய இரண்டு குழந்தைகள், கொதிக்கும் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சூடு தாங்காமல் ஆற்றில் குதித்து பெசுத் ஆனார்கள் என்கிறது மஹாகாம் கரைக் கதை. தலையிலிருந்து அது பீய்ச்சும் நீராவி அந்தக் கஞ்சியின் சூடாம். சகோதரர்கள் என்று நினைப்பவர்கள் வேட்டையாடுவதில்லை. ஆனாலும் அவை சாகின்றன. மீனைத் தேடி வலைக்கு அருகே வந்து, சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல். இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தச் செவுள் வலைகளே. பார்ஜ்களின் இரைச்சலும் கிளையாறுகளில் அவற்றின் நடமாட்டமும் மிச்ச வேலையைச் செய்கின்றன. 2000ஆம் ஆண்டிலேயே மஹாகாம் பெசுத்தை அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினமாக சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. இப்போதைய எண்ணிக்கை நூறுக்கும் குறைவு. ஒரு காலத்தில் பெசுத் துள்ளிய சமாரிண்டாவில், இன்று அந்தப் பெயர் கால்பந்து அணியின் செல்லப்பெயராக இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. டால்பின்களை விலக்கும் ஒலி எழுப்பும் சிறு கருவிகளை வலையில் கட்டும் முயற்சி மீனவர்களிடையே நடக்கிறது. பெசுத் வலைப்பக்கம் வராததால் மீனவருக்கும் லாபம். 2022இல் மத்திய மஹாகாமில் சுமார் 43,000 ஹெக்டேர் நீர்ப்பரப்பை அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பார்ஜ்களை எங்கே, எந்த வேகத்தில் விடுவது என்ற கேள்விதான் கடினமானது. அதில் பணம் இருக்கிறது.

இதே கிழக்கு காலிமந்தானில்தான் இந்தோனேஷியா நுசந்தாரா என்ற புதிய தலைநகரைக் கட்டுகிறது. அதற்கு ஒதுக்கிய நிலத்தில் ஒரு பகுதி, முவாரா காமான் அடங்கிய கூத்தாய் கர்தாநெகாரா மாவட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2024 சுதந்திர தின விழா அங்கே நடந்தது. நாட்டின் மிகப் பழைய அரசு இருந்த மண்ணுக்கு மிகப் புதிய தலைநகர் வருவதில் அரசியல்வாதிகளுக்குப் பெருமை. முவாரா காமான்காரர்கள் கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது: வலை போட மீனும், அதை அடைய அமைதியான ஆறும். தூண்களைப் பத்திரப்படுத்த அருங்காட்சியகம் கிடைத்தது. ஆற்றை அப்படி எடுத்துப்போய் வைக்க இடமில்லை. காப்பாற்றுவதென்றால் அது ஓடும் இடத்திலேயே காப்பாற்ற வேண்டும்.