யாரும் ஓடக்கூடாது

பட்டாசு ஆலையில் போர்மேன் என்றால் மருந்து கலக்கத் தெரிந்த ஆள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கலவை தெரிய வேண்டும்தான். ஆனால் நான் நாள் முழுக்கப் பார்ப்பது வேறு வேலை. ஆட்களைப் பிரித்துப் பிரித்து வைப்பது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். வெயில் ஏறுமுன் கலவை முடிய வேண்டும். அன்றைக்குக் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும், ராத்திரி அறைக்குள் கிடக்கக் கூடாது. அடுத்த அறையில் கூடப்பிறந்த தங்கச்சியே இருந்தாலும், “ஒரு நிமிசம் பேசிட்டு வந்துர்றேண்ணே” என்று கேட்பவரை நான் விடுவதில்லை. ஓரிடத்தில் உராய்வில் பற்றிக்கொண்டால் அது அந்த இடத்தோடு போக வேண்டும். இத்தனை விதிகளும் அதற்காகத்தான். ‘அந்த இடத்தோடு’ என்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் நாலு பேரோடு. எங்கள் தொழிலில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். பிள்ளைகள் இருவரும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தார்கள். பையன் இன்னும் அங்கேதான். காலை ஏழு மணிக்கெல்லாம் ஆலை வேன் வந்துவிடும். அம்மா ஒரு ஆலை, அப்பா வேறொரு ஆலை என்பது எங்கள் ஊரில் பல வீடுகளில் வேண்டுமென்றே செய்துகொண்ட ஏற்பாடு. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஏழு மணிக்கு மேல் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரியவர் என்றால் ஆச்சி, தாத்தா, இல்லாவிட்டால் டீச்சர். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது மற்ற ஊர்களில் அதை எப்படிப் பார்த்தார்களோ, எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு விடிகாலை அவசரத்தில் பாதி குறைந்தது.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கேயோ சத்தம் கேட்கிறது, ஜன்னல் அதிர்கிறது, எந்த ஆலை என்று தெரியாது. ஊரில் இருப்பவர்கள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அப்போது மனுசனுக்கு இயல்பாக வருவது ஒன்றுதான்: புகை தெரிகிற பக்கம் ஓடுவது.

அந்த ஓட்டம் என்ன செய்யும் என்பது எங்கள் வட்டாரத்துக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்கள் பலர். காப்பாற்றப் போனவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். முதலில் வெடித்தது அவர்களை இழுத்தது, அடுத்தடுத்து வெடித்தது அவர்களைக் கொன்றது. அன்று ஆசிரியர் தினம் என்பது பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு மறக்காது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் சேர்ந்தபோது என்னால் கொடுக்க முடிந்தது இந்த ஒரு தொழிலறிவைத்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் பேசுகிறவர்கள் முக்காலே மூணு வீசம் பெண்கள்தான். கம்பி மத்தாப்பு முக்குகிறவர், குழாய் உருட்டுகிறவர் எல்லாரும் உண்டு. “சத்தம் கேட்டா பிள்ளைகளை வெளியே விடாதீங்க, கேட்டைச் சாத்துங்க, நாங்க வந்து கேட்டாலும் விடாதீங்க” என்றேன். பெரிய டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அண்ணே, கேட்டைச் சாத்துறது சுலபம். உள்ள இருக்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது? அதுக்கு எனக்கு ஆலைப் பேரு வேணும்” என்றார்.

அப்படி வந்ததுதான் அந்த நோட்டு. பிள்ளையின் பெயர், அம்மா எந்த ஆலை, அப்பா எந்த ஆலை, ஆலை வாசல் போன் நம்பர், ஆலை வேலைக்குப் போகாத சொந்தக்காரர் யார். தீபாவளி முடிந்து ஆட்கள் ஆலை மாறுவார்கள் என்பதால் ஆண்டுக்கொரு முறை புதிதாக எழுத வேண்டும். இப்போது சத்தம் கேட்டால் ஒவ்வோர் ஆலையிலிருந்தும் ஒருவர் வாசலுக்கு வந்து பள்ளிக்குத்தான் முதலில் பேசுகிறார். “நம்ம ஆளுக எல்லாரும் நல்லா இருக்காங்க டீச்சர்.” வகுப்புக்கு வகுப்பு செய்தி போய்விடும். வீடுகளுக்குப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒரு முறை அந்த நோட்டில் டீச்சரின் விரல் ஒரு பெயரில் நின்றது. அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. பள்ளி செய்ததை மட்டும் சொல்கிறேன். வகுப்பில் எதுவும் சொல்லாமல், நோட்டில் எழுதியிருந்த சித்தியை வரவழைத்துத்தான் அனுப்பினார்கள். பிறகு மாதக் கணக்கில் அலைச்சல்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு. விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் அறிவிப்புக்கும் பிள்ளைக்கும் நடுவே விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறதே. துக்க வீட்டில் அதை உட்கார்ந்து நிரப்ப யாருக்குத் தெம்பு இருக்கும்? அந்த வேலையைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. ஆறுதல் சொல்ல ஊரே வரும். தாலுகா ஆபீசுக்குத் துணைக்கு வர ஆள் கிடைப்பது அபூர்வம்.

என் அக்கா பள்ளிக்குப் போனதில்லை. எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்ற விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும். அக்கா கட்டை அடுக்கினாள், லேபிள் ஒட்டினாள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அக்காவுக்கு அதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது. பின்னாளில் இதே விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் வந்தபோது செய்தித்தாள்கள் அதிசயமாக எழுதின. எங்களுக்கு அதில் அதிசயம் இல்லை. கையில் வெள்ளி மருந்து ஒட்டிய பெண்கள் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். அது பள்ளிக்கூடத்துக்கு வேலை செய்கிற காலம். சுவருக்கு வெள்ளையடிப்பது, கழிப்பறைக் கதவு மாட்டுவது, தோட்டத்துக்கு வேலி போடுவது. இரண்டு வருசத்துக்கு முன் மேளதாளத்தோடு கல்விச் சீர் கொண்டுபோனோம். தட்டுகளில் பூகோள உருண்டை, சுவர்க் கடிகாரம், நோட்டுக் கட்டு, பின்னால் இரண்டு பேர் தூக்கி வந்த பீரோ. விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியபோது வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளியை நடத்தினார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அதை நாடார் சமூகத்தார் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டி எழுப்பினார்கள். எங்கள் பள்ளிக்கு அப்படி ஒரு சமூகம் கிடையாது. கோயில் கொடையில் வரி கொடுப்பதில் தெருவுக்குத் தெரு வழக்கு உள்ள ஊர் இது. கல்விச் சீருக்கு மட்டும் எல்லாத் தெருவிலும் பணம் வசூலானது. மேளம் எந்தத் தெரு வழியாக வருவது என்று அப்போதும் சண்டை வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் தலையிட்டு, எல்லாத் தெருவும் சுற்றி வரட்டும் என்று முடித்தார்கள். வெயிலில் மேளக்காரர்கள்தான் பாவம்.

நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். இந்த ஜூனில் மகளை டவுன் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். அவள் செட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அதே பள்ளி, ஒரே பஸ் என்று தாய்மார்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். சேர்க்கைப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு அடுத்த படிவத்தைக் கேட்டார் எழுத்தர். ஆலைப் பெயரையும் வாசல் நம்பரையும் எங்காவது குறித்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பக்கத்து மேசையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஒரு டீச்சர் நிமிர்ந்து, “எந்த ஊருண்ணே நீங்க?” என்றார். ஊரைச் சொன்னேன். தன் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, “அம்மா ஆலையை முதல்ல சொல்லுங்க” என்றார்.