தார்ன் துரையும் நானும்

விசைப்படகில் கூலி கிடையாது, பங்குதான். படகு கடலுக்குப் போனால்தான் பங்கும். பட்டினச்சேரியில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் இலங்கைக் கடற்படை பிடித்துப்போன நம் ஆட்களுக்காகப் படகுகள் கரையில் நின்றபோது, "அவர்களை விடும்வரை ஒரு படகும் போகக்கூடாது" என்று மைக்கில் முழங்கியவன் நான். எனக்கு மாதச் சம்பளம்.

வேதாரண்யத்தையும் விடவில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்கக் கிளம்பியது, அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியது, சனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டது, போலீசுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று வைரப்பன் சிறைக்குப் போனது, எல்லாம் சொன்னேன். நல்ல கைதட்டல்.

சில நாளில் ஒரு ஃபைபர் படகு இருட்டோடு போய் வந்தது. என்னோடு படித்தவனுடையது. ஏன் போனான் என்று நான் கேட்கவில்லை. பையன்களைக் கூட்டி, "அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாம். அவன் பெண்டாட்டி கூடையில் யாரும் மீன் வாங்காதீர்கள்" என்றேன். யார் மேலும் கை வைக்கவில்லையே, அப்புறமென்ன, இதுவும் அகிம்சைதான் என்று நினைப்பு.

மறுநாள் ராத்திரி, அத்தை தூக்குவாளியோடு கொல்லைப்பக்கமாகக் கிளம்பினார்.

"எங்க அத்தை?"

"புள்ளைங்க பசியா கெடக்குதுவ தம்பி. நீ பாக்காத மாதிரி இருந்துக்க."

ரச வாசனை என்னைத் தாண்டிப் போயிற்று. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒளித்து எடுத்துப்போகிற சோறு. எங்கேயோ கேட்ட கதை. யாரோ சொல்லி நான் கேட்டதல்ல, நானே மைக்கில் சொன்னது. அத்தைக்கு அந்தக் கதையில் ஓர் இடம் இருந்தது. எனக்கும் இருந்தது, ராஜாஜி பக்கத்தில் அல்ல.

படகுகள் பிறகு ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போய்விட்டன. அவன் மகள் காதுகுத்துக்கு ஊரே போனது. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

அடுத்த முறை படகுகளை நிறுத்துவது பற்றிப் பேசக் கூடியபோது, எந்தெந்த வீட்டில் அரிசி இல்லை என்றுதான் அத்தை முதலில் கேட்டார். என் பேரில் ஒரு மூட்டை எழுதினார்கள். மைக்கைத் தரவில்லை.

இப்போதும் எப்போதாவது பள்ளிப் பிள்ளைகள் உப்புச் சத்தியாகிரகம் பற்றிக் கேட்பார்கள். ராஜாஜியை வாத்தியார்கள் பார்த்துக்கொள்வார்கள். தார்னைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்வேன். அவரைக் கொஞ்சம் நெருக்கமாகவே தெரியும்.