வள்ளியம்மாவின் பேரன்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியருகே, நமுனுகுலை மலையை நோக்கி நிற்கும் ஒரு தோட்டத்து லயத்துக்கு நாம் மாதம் ஒரு முறை போவதுண்டு. நம்மிடம் படித்த பையன் ஒருவன் அங்கிருக்கின்றான். கொரிய நாட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டுமானால் அந்நாட்டு மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். அதற்கு ஆயத்தம் செய்கின்றான். காது பழகுவதற்காகக் கொரியப் பாட்டுக்களையும் கேட்கின்றான்.

சென்ற மாசியில் அவன் தன் கையடக்கத் தொலைபேசியில் நமக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். சோ தைஜி என்னும் பாடகர் 1993இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. சொல்லிசை வேகமாக ஓடியது, மின்கிதார் அலறியது. இரைச்சலென்று முகஞ்சுளித்தோம். திடீரென்று அதற்குள் நம் நாயனம் போல ஒரு குழல் ஊதிற்று. தேப்யொங்சோ என்பது அதன் பெயராம். கொரியக் கிராமங்களின் கூத்து மேளத்தோடு ஊதப்படுவதாம். சுளித்த முகத்தை நாம் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இதுக்கே இப்படின்னா, நம்ம ஆளு பாட்டைக் கேளுங்க சேர்," என்று அவன் அடுத்ததைப் போட்டான்.

அது 'எஞ்சாயி எஞ்சாமி'. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டுவிட்ட பாட்டு, நாம்தாம் பிந்திவிட்டோம். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த பையனின் பாட்டி, பாட்டு நடுவில் ஒப்பாரியாக இறங்கியதும் எழுந்து வாசலுக்கு வந்து, "எந்த லயத்துலப்பா சாவு?" என்று கேட்டார். பையன் சிரித்தான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடலை எழுதிப் பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துப் பின் இந்தியா திரும்பியவர். இந்தத் 'திரும்புதல்' என்ற சொல்லை நாம் கூச்சத்தோடேயே எழுதுகின்றோம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். பண்டமாற்றுக் கணக்கில்கூட இத்தனை சுத்தம் இராது! இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களை எந்த ஊருக்குத் 'திருப்பி' அனுப்பினார்கள்?

பதுளைக்குப் புகையிரதம் 1924இல் வந்தது. தேயிலையைக் கொழும்புக்கு இறக்கிய அதே பாதையில்தான் ஊவாவின் மக்களும் இறக்கப்பட்டனர். பின்பு தலைமன்னார், அப்பால் இராமேசுவரம். ஸ்டேசனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிக்கொண்டு மாரடித்து அழுததால், மலையக மக்கள் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். பாட்டி சாவைத் தேடி வாசலுக்கு வந்தது பிழையன்று. தம் அக்காளை அவ்வண்டியில் ஏற்றிவிட்டதை அன்று அவரே சொன்னார். எந்த ஆண்டு என்பது அவருக்கு நினைவில்லை. அக்காள் உடுத்திருந்த சேலையின் நிறம் நினைவிருந்தது.

அதன்பின் அறிவின் தொகுப்புக்களைத் தேடிக் கேட்டோம். 2019இல் வந்தது 'தெருக்குறள்'. வள்ளுவரோடு இத்தனை உரிமை கொண்டாடும் பெயரைக் கேட்டு எம் போன்ற பழைய தமிழாசிரியர்கள் துள்ளத்தான் செய்வர். 2024இல் வந்தது 'வள்ளியம்மா பேராண்டி'. நாட்டார் மெட்டும் நியூயார்க்குக் கறுப்பின இளைஞரின் சொல்லிசையும் அவரிடம் ஒன்றாகப் புழங்குகின்றன. சில இடங்களில் தாளம் சொல்லை விழுங்கிவிடுகின்றது; அதை நாம் மறைப்பதற்கில்லை. ஆனால் "மரபு கலப்படமாயிற்று" என்று அங்கலாய்க்கும் நண்பர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் வாயில் புழங்கிய மெட்டுக்களில் உரிமைச் சொற்களை ஏற்றித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவற்றைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். அன்று தோட்டத்துக்குள் பேச்சுக்குத் தடையிருந்தது. பாட்டு எப்படியோ நுழைந்துவிட்டது.

'எஞ்சாயி எஞ்சாமி' வெளியான 2021 மார்ச்சிலேதான், பல ஆண்டுப் போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் இங்கே வர்த்தமானியில் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகை அப்பாடலைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டபோது அதில் அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்; பிறகு அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. பையன் இதைச் சொல்லிவிட்டு, "தேயிலைப் பெட்டியில கூட மலை படந்தான் சேர் இருக்கு," என்றான்.

பாட்டியின் ஒப்பாரியைப் பதிவு செய்ய வேண்டுமென்று அவன் கேட்டான். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்று பாட்டி மறுத்துவிட்டார். ஆகவே மறு ஞாயிறு மாலை மூவருமாகப் பீலிக்கரைக்கு அப்பால் இருக்கும் பெரிய கல்லுக்குப் போனோம். பாட்டி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்காளின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். பையன் ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்தபடி, மறு கையால் வெற்றுத் தகரத்தில் மெல்லத் தட்டினான். அவனுடைய பரீட்சைக்கு அப்போது மூன்று வாரங்கள் இருந்தன.