முகாம் வண்டியும் மின்கலமும்

பொங்கல் விடுமுறையில் நம் பங்கின் குடும்பங்கள் சில, மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்கி வருவது வழக்கமாகிவிட்டது. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் இரு சக்கர டிரெய்லரில் சமையல் பாத்திரங்கள், படுதாக்கள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு மின்சாரத்தையும் ஏற்றிச் செல்கிறோம். இதனைக் கேள்வியுற்ற அண்டைப் பங்குகளின் குருக்களும் இளைஞர் சபையாரும், என்ன வாங்கினீர்கள், எப்படிப் பொருத்தினீர்கள் என்று நம்மைக் கேட்டவண்ணம் உள்ளனர். விடை கூறப் புகுமுன், முதலாண்டில் நாம் செய்த பிழையைக் கூறியாக வேண்டும். அதனை மறைத்துக் கணக்கை மட்டும் கொடுத்தால் கேட்டவர்களும் அதே குழியில் விழுவர்.

இடத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே எழுந்து நிற்கும் மலைகளைத் தினமும் பார்ப்பவர்கள் நாம். அக்காடு 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற மலையணில்களுக்கெனச் சரணாலயமாக்கப்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆதலின் காட்டிற்குள் கூடாரமிடும் பேச்சுக்கே இடமில்லை. நாம் தங்கும் தோப்பு செண்பகத்தோப்புப் பக்கமாகக் காட்டெல்லைக்கு இப்பால் உள்ளது. நம் பங்கின் விவசாயி ஒருவருக்குச் சொந்தமானது. தார்ச்சாலை முடிந்தபின் கல்லும் மணலுமாகக் கிடக்கும் ஓடை ஒன்றைக் கடந்தே அங்குச் செல்ல இயலும். மின்கம்பம் அங்கு இல்லை. பிள்ளைகள் இரண்டு நாட்களாவது வானத்து மீன்களைப் பார்க்கட்டும், பெற்றோர் தொலைக்காட்சியை மறந்து ஒருவரோடொருவர் பேசட்டும் என்பதே நம் எண்ணமாதலின், மின்சாரமின்மை நமக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஆயினும் இருட்டில் சிறு குழந்தைகளை எங்ஙனம் வைத்திருப்பது? யானைகள் தோப்புகளுக்குள் வந்து போகும் பகுதி அன்றோ அது?

நமக்கு மின்கலத்தின்பால் பழைய பற்று ஒன்று உண்டு. குருமடத்தில் பயின்ற நாட்களில் நிக்கோலாஸ் காலன் என்னும் ஐரிஷ் குருவானவரைப் பற்றி அறிந்தோம். மேனூத் குருமடத்தில் இயற்பியல் கற்பித்த அவர், 1836-இல் மின்தூண்டு சுருளை உருவாக்கியவர். அந்நாளைய மின்கலங்களுக்கு விலையுயர்ந்த பிளாட்டினம் தேவைப்பட்டது. அதற்கு மாற்றாக வார்ப்பிரும்பை வைத்து மலிவான மின்கலம் ஒன்றைச் செய்தார். தம் மாணவர்கள்மீதே மின்னதிர்ச்சியைச் சோதித்தார் என்றும், பின்னாளில் டப்ளின் பேராயரான ஒருவர் அதில் மயங்கி விழுந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. புனித அல்போன்ஸ் லிகோரியாரின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. பீடத்திற்கும் பட்டறைக்கும் பகையில்லை என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டி, நாமும் கையில் ஸ்குரூ டிரைவரோடு பங்கு இல்லத் திண்ணையில் அமர்வதுண்டு. இத்தற்பெருமைதான் பின்னர் நம்மைக் காலை வாரிவிட்டது எனலாம்.

முதலாண்டில் நாம் செய்த ஏற்பாடு இது. கோவில் இன்வெர்ட்டரோடு இரண்டாண்டு உழைத்த, 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி கொண்ட ஈய-அமில பேட்டரியை எடுத்துக்கொண்டோம். பெருக்கிப் பார்த்தால் 1,200 வாட் மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் விரைந்து குன்றும். எனவே 600 வாட் மணியே நம் கையிருப்பு எனக் கொண்டோம். ஏழு வாட் விளக்குகள் ஆறு, ஐந்து மணி நேரம் எரிய 210. கைபேசிகளுக்கு 150. பாடலுக்கான ஆம்ப்ளிஃபையர் 60 வாட் வீதம் மூன்று மணி நேரத்திற்கு 180. ஆக 540. மறுநாள் 150 வாட் சோலார் தகடு செலவை ஈடுகட்டிவிடும் என்று தாளில் எழுதி அடிக்கோடும் இட்டோம். கோபுரம் கட்ட எண்ணுவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமையைப் பற்றி எத்தனை முறை மறையுரை ஆற்றியுள்ளோம்! நாமும் அமர்ந்தோம், கணக்கிட்டோம்.

நம் பங்கில் பஞ்சாலை ஒன்றில் முப்பதாண்டு எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. தாளை வாங்கிப் பார்த்த அவர், "சாமி, இதுல யாருக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுப் போட்டீகளா, நீங்களா போட்டீகளா?" என்றார். நாம் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்தோம்.

முதல் இரவு இனிதே கழிந்தது. இரண்டாம் நாள் பகலில் தகட்டை மாமரத்தடியில் சாய்த்து வைத்திருந்தோம். கிளை நிழல் ஓரத்தில் விழுந்தாலும் தகட்டின் விளைச்சல் பெரிதும் குறைந்துவிடும் என்பதை அப்போது நாம் அறியவில்லை. மேலும் தை மாதத்தில் உச்சிப் பொழுதிலும் கதிரவன் தெற்கே சாய்ந்தே நிற்கிறான்; மேற்கே மலையிருப்பதால் மாலை ஐந்து மணிக்கு முன்பே அடிவாரத்தில் வெயில் ஒழிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு இன்வெர்ட்டரை முதல் நாள் மாலையிலிருந்து அணைக்கவே இல்லை. எவ்வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே அது மணிக்குப் பத்துப் பதினைந்து வாட் மணி தின்றுகொண்டிருந்தது. ஒரு நாளுக்கு அது 300 வாட் மணியை எட்டும். நம் 540-இல் இச்செலவு இடம்பெறவே இல்லை.

அன்றிரவு பாடல்கள் களைகட்டின. ஒன்பதரை மணிக்கு முடிப்பதாக ஏற்பாடு. நாமோ ஒலிவாங்கியைப் பிடித்து, "இன்னும் இரண்டு பாடல்கள்!" என்றோம். பிறகு இன்னும் இரண்டு. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினோம். பிள்ளைகள் உறங்கச் சென்றனர்.

பின்னிரவு ஒன்றரை மணியளவில் ஒரு தாய் நம் கூடாரத்தின் வெளியே நின்று அழைத்தார். "சாமி, பிள்ளைக்கு மூச்சு வாங்குது." ஒன்பது வயதுச் சிறுவன். பிறந்த நாள்தொட்டு ஆஸ்துமா உள்ளவன். தைப் பனியும் அடுப்புப் புகையும் அவனுக்கு ஆகவில்லை. தாய் முன்யோசனையோடு நெபுலைசர் கருவியையும் மருந்தையும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். மருந்தை ஊற்றி, முகமூடியை அவன் முகத்தில் பொருத்தி, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினார். கருவி ஒரு கணம் உறுமியது. இன்வெர்ட்டர் கீச்சென்று அலறியது. தோப்பு முழுதும் இருண்டது.

சிறு விளக்குகளைத் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி, 150 வாட் கம்ப்ரசரின் இழுப்பைத் தாங்காமல் வோல்ட் சரிந்துவிட்டது. பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் முயன்றோம். பத்து விநாடி ஓடி நின்றது.

ஜீப் தோப்பின் வாயிலில் நின்றது. அதன் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டினால் ஓடும். ஆனால் நாமே பெருமையோடு இன்வெர்ட்டரின் வயர்களை நட்டுப் போட்டு இறுக முடுக்கியிருந்தோம். பத்தாம் எண் ஸ்பானர் வேண்டும். அது எங்கே? சாக்குகளை உதறினோம், பாத்திரங்களைக் கவிழ்த்தோம். கைபேசி வெளிச்சத்தில் அச்சிறுவனின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவதைக் கண்டோம். அவன் அழவில்லை, அழுவதற்கு மூச்சு இல்லை. ஸ்பானர் அரிசி மூட்டையின் அடியில் இருந்தது. பெரியவர் வயரைக் கழற்ற, விவசாயி ஜீப்பைக் கிளப்பி அருகில் கொணர, எஞ்சின் ஓடும் நிலையிலேயே அதன் பேட்டரியில் இன்வெர்ட்டரை இணைத்தோம். கருவி ஓடத் தொடங்கியபோது நம் கைக்கடிகாரத்தில் பதினொரு நிமிடங்கள் கழிந்திருந்தன. குருத்துவ வாழ்வில் எத்தனையோ மரணப் படுக்கைகளின் அருகே நின்றுள்ளோம். அப்பதினொரு நிமிடங்களைப்போல் எதுவும் நம்மை அலைக்கழித்ததில்லை.

பத்து நிமிட மருந்தில் மூச்சு சற்றே தணிந்தது. உடனே அவனை ஜீப்பிலேற்றி, கற்கள்மீது ஆடியாடி ஓடையைக் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு சென்றோம். விடியும்போது அவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனை வராந்தாவில் அத்தாயிடம் மன்னிப்புக் கேட்க நாம் வாய் திறக்குமுன், அவர் தலைகுனிந்து கூறினார்: "நீங்க இன்னும் ரெண்டு பாட்டுன்னு சொன்னப்பவே, பிள்ளைக்குக் கரண்டு வேணும் சாமின்னு நான் சொல்லியிருக்கணும். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. சாமிகிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

பின்னர் கணக்குப் பார்த்தோம். 150 வாட் கருவி பத்து நிமிடம் ஓட வேண்டியது 25 வாட் மணி. நம் ஆம்ப்ளிஃபையர் அரைமணி நேரத்திற்குள் உண்டது அதற்கு மேல். கேட்காமலே நீட்டித்த அந்த நான்கு பாடல்களில் அச்சிறுவனின் மூச்சு அடங்கியிருந்தது. பெரியவர் கேட்ட கேள்விக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தாளில் விளக்கும் பாட்டும் இருந்தன, ஆட்கள் இல்லை.

அன்று பணியிலிருந்த மருத்துவர் கூறியதையும் எழுதிவிடுகிறோம். முகாமுக்குச் செல்லும் பெற்றோருக்கு இது பேட்டரியினும் முக்கியம். இன்ஹேலரை ஸ்பேசர் என்னும் குழாய்க் குடுவையோடு பயன்படுத்தினால், பெரும்பாலான இரைப்புகளில் நெபுலைசருக்கு ஈடான பயன் கிட்டும். அதற்கு மின்சாரமே வேண்டாம். எந்த மருந்து, எத்தனை முறை என்பதை அவரவர் மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சிறுவனின் பையில் இன்று ஸ்பேசர் உண்டு.

இனி, மறு ஆண்டு செய்த மாற்றங்கள். பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னரே வீடுவீடாகச் சென்று கேட்டோம். சர்க்கரை நோயாளி ஒருவரின் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மற்றொரு பெரியவர் இரவில் மூச்சுக் கருவி பொருத்தி உறங்குபவர், அதனாலேயே முகாமுக்கு வராமல் இருந்தவர். இவையெல்லாம் நம் பங்கிலேயே இருந்தன, நமக்குத் தெரியாது.

பழைய ஈய பேட்டரியைத் திறந்து சோதித்த கடைக்காரர், ஓடைக் கற்களின் குலுக்கலும் வயதும் சேர்ந்து தகடுகள் உதிர்ந்துள்ளன என்றார். அதனை விடுத்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர் மணி ஒன்றை வாங்கினோம். விலை இரு மடங்குக்கு மேல். நன்கொடையாளர் ஒருவர் பாதியை ஏற்றார். ஈய பேட்டரி முப்பது கிலோவுக்கு மேல். இதுவோ பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று முன்பின். கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிச் செலவிடலாம். அதாவது ஆயிரம் வாட் மணி. சார்ஜரும் இவ்வகைக்கென்றே அமைந்ததாக இருக்க வேண்டும்.

பொருத்துவதில் பெரியவர் சொன்னபடியே அனைத்தும் நடந்தன. நாம் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கவில்லை. டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே, ரப்பர் விரித்த மரப்பெட்டியில் பேட்டரியை வாரால் கட்டினார். குலுக்கல் அங்குதான் குறைவாம். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். ஜீப்பின் எஞ்சினிலிருந்து பின்னால் வரும் வயர் போகவர 12 மீட்டர். கடையில் தந்த 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. இடையே வோல்ட்டை உயர்த்திச் சீராக்கும் டி.சி. சார்ஜர் ஒன்றையும் வைத்ததால், ராஜபாளையத்திலிருந்து தோப்புக்குச் செல்லும் நேரத்திலேயே ஓரளவு ஏறிவிடுகிறது. விளக்குகள் இப்போது 12 வோல்ட்டிலேயே எரிகின்றன. இன்வெர்ட்டர் தேவைப்படும்போது மட்டும் உயிர் பெறும். சோலார் தகட்டை மரத்தடியில் அன்று, களத்துமேட்டில் தெற்கு நோக்கிச் சாய்க்கிறோம். நிழல் நகர்ந்தால் நகர்த்துவது சிறுவர்களின் பொறுப்பு. வயர்களின் முனைகளில் நட்டுக்குப் பதில் கையால் கழற்றும் இணைப்பான்கள். ஸ்பானர் ஒன்று பெட்டி மூடியின் உட்புறத்திலேயே கயிற்றில் தொங்குகிறது.

ஒலிபெருக்கி வரவில்லை. காட்டருகே அது தகாது என்று தோப்புக் காவலர் முன்பே முணுமுணுத்திருந்தார், நாம்தான் செவிமடுக்கவில்லை. ஆர்மோனியப் பெட்டி வருகிறது; திருப்பலிக்கு வேண்டிய இரு மெழுகுதிரிகள் வாட்டும் கேட்பதில்லை, வோல்ட்டும் கேட்பதில்லை.

இவற்றோடு தனியே சிறு பேட்டரி ஒன்று, இன்வெர்ட்டரோடு சேர்த்து, சிவப்பு வண்ணம் பூசிய பெட்டியில் இருக்கிறது. 300 வாட் மணி. நோயாளிகளுக்கன்றி வேறெவர்க்கும் அதில் உரிமையில்லை. கைபேசி செத்துக் கிடந்தாலும், மேற்றிராணியாரே எழுந்தருளினாலும், அதில் பிளக்கைச் செருகக்கூடாது. திறவுகோல் நம்மிடம் இல்லை, அத்தாயிடம் உள்ளது.

இவ்வாண்டுப் பொங்கலுக்குக் கிளம்புமுன் அச்சிறுவன் வந்து, பெட்டியைச் சோதிக்க வேண்டுமென்றான். மருந்து ஊற்றாமல் கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினோம். மீட்டரில் நூறு என்றிருந்தது தொண்ணூறுக்கு இறங்கியது. அதனை நாளும் நேரமும் இட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, "மறுபடி நூறாக்கிட்டுத்தான் வண்டியில ஏத்தணும் சாமி" என்றான். வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகவே புறப்பட்டது.