மம்பட்டி புடிக்க வேணாம்னு படிக்க வச்ச பிள்ளைங்க

டர்ட் பைக் ஜம்ப் கட்டுறது எப்படின்னு யூடியூபில் தேடினால் முதலில் வருவது சாமான் பட்டியல்தான். வட்ட முனை சவள், மெக்லௌட், புலாஸ்கி. கடைசி ரெண்டும் அமெரிக்கக் காட்டு இலாகாக்காரர்களின் தீயணைப்பு வேலையில் பிறந்தவை. மெக்லௌட்டுக்கு ஒரு பக்கம் பல், மறுபக்கம் வெட்டுற வாய். புலாஸ்கிக்கு ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் குறுகின மண்வெட்டி வாய். 1910இல் இடஹோ மலைகளில் பெருந்தீ பிடித்தபோது, தன்னோடு இருந்த ஆட்களில் நிறையப் பேரைப் பழைய சுரங்கமொன்றுக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றிய எட் புலாஸ்கியின் பேர்தான் அதற்கு வந்தது. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் பதுளை பஸாரில் போய் "புலாஸ்கி இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் ஏதாவது பிஸ்கட் பக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் லயத்துக் கதவுக்குப் பின்னாடியே சாத்தி வைத்திருந்தது. மம்பட்டி, முள்ளு, அலவாங்கு, கவ்வாத்துக் கத்தி.

நாங்கள் ஆறு பேர். எல்லோருக்குமாக ஒரு பழைய ஹொண்டா ட்ரெயில் பைக், மூன்று கியர் சைக்கிள். இடம், பசறை ரோட்டுப் பக்கம் தோட்டம் கைவிட்ட ஒரு மலைத்துண்டு. தேயிலை செத்து மானாப்புல் ஏறிக் கிடக்கிறது. தொரையிடம் கேட்டோம். "புதுசா தேயிலை நடுற வரைக்கும் ஓட்டுங்க, பெக்கோ மட்டும் கொண்டு வரக்கூடாது" என்றார். பெக்கோவுக்கு எங்களிடம் காசு இருப்பதாக நினைத்தாரே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் மம்பட்டி. சவளுக்கும் மம்பட்டிக்கும் உள்ள வித்தியாசம் வெட்டும்போதுதான் தெரியும். சவள் மண்ணைத் தள்ளி எறியும், மம்பட்டி தன் பக்கம் இழுக்கும். அதனால் சவள்காரர் குழிக்குள் நின்று மேட்டுக்கு எறிகிறார், மம்பட்டிக்காரர் மேட்டில் நின்று மண்ணைத் தன்னிடம் வரவழைக்கிறார். சரிவான நிலத்தில் ரெண்டாவதுதான் இடுப்புக்கு நல்லது. வாய்க்கும் பிடிக்கும் உள்ள கோணத்தைப் பாருங்க. ரொம்ப மடங்கியிருந்தால் இழுக்க லேசு, ஆழமாக இறங்காது. விரிந்திருந்தால் கொத்த நல்லது, அள்ள வராது. ஜம்ப்பின் முகத்தைச் செதுக்க அகல வாய், ஈரக் களியை வெட்ட ஒடுங்கின வாய். பிடிக்குக் கொய்யாக் கம்பு. ஆப்பு அடித்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டால் மரம் ஊதி இறுகிக்கொள்ளும். இதெல்லாம் எந்த வீடியோவிலும் இல்லை, பக்கத்து லயத்துத் தாத்தா சொன்னது.

முள்ளு இல்லாமல் மானாப்புல்லோடு மல்லுக்கட்ட முடியாது. தேயிலை மலையில் முள்ளுக் குத்தும்போது மண்ணைப் புரட்டாமல், இறக்கி லேசாக நெம்பி விடுவார்கள். அதே கைப்பழக்கம்தான் இங்கேயும். புல் வேரோடு மண்ணைக் குவித்து ஜம்ப் கட்டினால் வேர் உக்கி உள்ளே பொந்து விழும். ஒருநாள் முன்சில்லு அதில் இறங்கும். வேரை உதறி எடுத்துவிட்டு, அரையடிக்கு ஒரு படை போட்டு, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்து, அதற்கு மேல் அடுத்த படை.

அலவாங்குக்கு வேலை கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் நடக்காது. பழைய தேயிலைத் தூர் ஒன்றைக் கிளப்பிப் பாருங்க, தெரியும். அந்தச் சொல்லே போர்த்துக்கீசரோடு வந்தது. ஆங்கிலேயர் நம்ம மண்வெட்டியைப் பார்த்து மமோட்டி என்று எழுதிக்கொண்டார்கள். சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டாலும் சாமான் இன்றுவரைக்கும் நம்ம கையில்தான் இருக்கிறது.

யாரும் பேசாத சாமான் ஒன்று உண்டு, உரச்சாக்கு. நடுவிலே பள்ளம் விடாமல் மேசை மாதிரி நிரப்பின ஜம்ப்தான் புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பயமில்லாதது. ஒரு மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம், மேலே மூன்று மீட்டர் மட்டம், ஏறவும் இறங்கவும் தலா மூன்று மீட்டர் சரிவு. கணக்குப் போட்டால் 9 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் அளவில் வரும், ஆக 13 டன்னுக்கு மேல். வெட்டுவதைவிடச் சுமப்பதுதான் வேலை. இந்தக் கணக்கு தெரியாமல் எத்தனை பேர் உயர்ந்த சவள் வாங்கப் போகிறார்கள்! ரெண்டு கம்பு, நடுவில் ஒரு சாக்கு, ஆளுக்கொரு முனை. எங்கள் ஜம்ப் அப்படித்தான் எழும்பியது.

வீட்டில் வந்த பிரச்சினை மண் பற்றியது இல்லை. எங்களில் ஒருவனின் அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற வழியில் எங்களைப் பார்த்தார். கூடையை இறக்காமலே நின்றார். "மம்பட்டி புடிக்க வேணாமுன்னுதானே கெம்பஸ் வரைக்கும் படிக்க வச்சோம். லீவுல வந்து இதையா புடிக்கிறீங்க?"

யாருக்கும் பதில் வரவில்லை. விளையாட்டுக்குத்தானே அம்மா என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அதுதான் அவரை இன்னும் நோகடித்திருக்கும். அவர்களுக்கு அது ஒரு நாளின் பேர். 2024 செப்டம்பரில்தான் அந்தப் பேருக்கு 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. நாங்கள் கல்லில் அடித்து வாயை மழுக்கினால் மறுநாள் கான் வெட்டுகிற ஆளுக்குத்தான் கை நோகும். அதனால் வீட்டு மம்பட்டியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு. காசு சேர்த்து ரெண்டு மம்பட்டி, ஒரு சவள் சொந்தமாக வாங்கினோம். அந்த அம்மாவின் கேள்விக்கு அது பதிலாகாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு அப்பா வேறு மாதிரி. இருபத்தைந்து வருசமாகக் கான் வெட்டுகிறவர். ஜம்ப்பைச் சுத்திப் பார்த்தார், உயரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி எங்கடா போகும்?" என்றார், அவ்வளவுதான். மம்பட்டியை வாங்கி, பாதையின் மேல்பக்கமாக ஒரு கோடு இழுத்தார். கயிறும் இல்லை, மட்டமும் இல்லை. சரிவு கூடினால் தண்ணீர் கானையே அரித்துக்கொண்டு ஓடும், குறைந்தால் மண் நிரம்பி மேலால் வழியும். கானுக்குள் இடைக்கிடை குழி, குழிக்கு நடுவில் கரையைவிடத் தணிவான தடுப்பு. மண் குழியில் தங்கும், தண்ணீர் மட்டும் தாண்டிப் போகும். குழியில் தங்கின மண்ணை அள்ளித் திரும்ப ஜம்ப்புக்கே போடலாம். வெளிநாட்டு வீடியோக்காரர்கள் வடிகால் என்று ரெண்டு நிமிசம் பேசிவிட்டுப் போவதை அவர் அரை நாளில் வெட்டிக் காட்டினார். அவரிடம் படிக்கிறதுக்கு நாங்கள் கெம்பஸ் போன பிறகுதான் நேரம் கிடைத்தது என்பது கொஞ்சம் வேடிக்கை.

அவர் கேள்வி ஜம்ப்போடு முடிகிற கேள்வியும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எங்கள் மாவட்டம்தான். அந்த மலை அபாயமானது என்று அதற்கு முன்னமே எச்சரிக்கை வந்திருந்தது. 2025 நவம்பரில் டித்வா வந்தபோதும் பதுளையில் மலைகள் இறங்கின. இப்படிப்பட்ட இடத்தில் விளையாட்டுக்கு மண் வெட்டுகிறவர்கள் எங்கே வெட்டக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லயத்துக்கு மேலே உள்ள சரிவு, கூடவே கூடாது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம், புதிதாக ஊறுகிற தண்ணீர், திடீரென்று கலங்குகிற ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, கிராம அலுவலரிடம் சொல்லுங்க. சரிவின் அடியை வெட்டி மண் எடுப்பதும் வேண்டாம். நாங்கள் மண் எடுத்தது பழைய ரோட்டோரம் குவிந்து கிடந்த மேட்டிலிருந்து.

பைக் ஓட்டம் என்றால் ஊவாவில் எல்லோருக்கும் நினைவு வருவது தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே ஒரு ரேஸ் கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், எட்டு வயசுப் பிள்ளை ஒன்றும் அதில். எங்கள் ஜம்ப்பையும் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகள்தான் வந்து பார்க்கிறார்கள், அதுவும் இறங்குகிற இடத்துக்கே ஓடி வந்து நிற்பார்கள். வளைவின் வெளிப்பக்கம் யாருமே நிற்காமல் முள்ளுச்செடி போட்டு அடைத்தோம். பிள்ளைகளுக்கு மேட்டுப் பக்கம் தனியாகப் படி வெட்டி, முன்னால் இடுப்பளவு மண் வரம்பு கட்டினோம். ஜம்ப்புக்கு வெட்டினதில் பாதி மண் வரம்புக்குப் போனது. ஒரு ஜம்ப் குறைந்தது, பரவாயில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றும் காய்ச்சலும். மண் பொடியாகப் பறக்கும், அப்போது வெட்டுவது வீண், ஓட்ட மட்டும்தான் லாயக்கு. வெட்டவும் இடிக்கவும் நல்லது ஏப்ரல் மழை விட்ட கையோடு. ஒக்டோபரில் பெருமழை தொடங்கினால் பைக் ஓட்டமே இல்லை. ஜம்ப்பின் முகத்தில் பழைய உரச்சாக்கை விரித்துக் கல் வைத்துவிட்டு, கான் குழிகளை மட்டும் அள்ளுவோம். போன முறை அள்ளப் போனபோது கீழ்க் கானில் புதிதாக ரெண்டு குழி வெட்டியிருந்தது. எங்களில் யாரும் வெட்டவில்லை. வெட்டின கை யாருடையது என்று குழியைப் பார்த்ததுமே தெரிந்தது.