மந்தையில்லாத மேய்ப்பர்

குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில், திருத்தந்தையின் தூதுவர்களைப் பற்றி நாம் உயர்வாக எண்ணியதில்லை. அரசு விருந்துகளில் முதலிருக்கையில் அமர்பவர், ஆயர் பதவிக்குத் தகுந்தோரின் பெயர்களை உரோமைக்கு அனுப்பி வைப்பவர், நாமறிந்தது அவ்வளவே. பேராயர் என்னும் பட்டம் அவருக்கு உண்டு; பேணுவதற்கு மக்கள் இல்லை. முற்காலத்தில் இருந்து மறைந்துபோன ஏதேனும் ஒரு மறைமாவட்டத்தின் பெயரைத் திருப்பீடம் அவருக்குச் சூட்டும். 'மந்தையில்லாத மேய்ப்பர்' என்று நண்பர்களோடு நகைத்ததுண்டு. அந்நகைப்பை இன்று நாணத்தோடு நினைக்கச் செய்தவர் பேராயர் மைக்கேல் கோர்ட்னி.

அயர்லாந்து நாட்டின் நீனா என்னும் ஊரில் 1945-இல் பிறந்து, 1968-இல் குளோன்ஃபர்ட் மறைமாவட்டக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் அவர். 1980-இல் திருப்பீடத்தின் தூதரகப் பணியில் சேர்ந்தார். தென்னாப்பிரிக்கா, சிம்பாப்வே, செனகல், நம் இந்தியா, யூகோஸ்லாவியா, கியூபா, எகிப்து என மாற்றலுக்கு மேல் மாற்றல். ஒரு மண்ணின் மொழியும் முகங்களும் பழகி வரும்போதே அடுத்த ஆணை வந்துவிடும்.

2000-ஆம் ஆண்டில் பேராயராக அருள்பொழிவு பெற்று, புருண்டி நாட்டுக்குத் திருத்தந்தையின் தூதுவராகச் சென்றார். 1993-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஹுட்டு, டுட்சி இனத்தார் ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடு அது. மாண்டோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களுள் மிகுதியானோர் கிறிஸ்தவர்கள் என்பதே நம் நெஞ்சைச் சுடுகிறது. ஒரே பலிபீடத்தில் அப்பம் பெற்ற கைகள் ஆயுதம் ஏந்தின. அங்கே அரசையும் கிளர்ச்சிப் படையினரையும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். 2003 நவம்பரில் பெரிய கிளர்ச்சிப் படையொன்று அரசோடு உடன்பாடு கண்டது. ஒரு படை மட்டும் விலகி நின்றது.

அவ்வாண்டு டிசம்பர் 29. ஓர் அடக்கச் சடங்கில் பங்கேற்று, தங்கனீக்கா ஏரிக்கரைச் சாலை வழியே அன்றைய தலைநகரான புஜும்புராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மினாகோ என்னுமிடத்தருகே அவரது ஊர்தி சுடப்பட்டது. குண்டடிபட்ட பேராயர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 58. பழி சுமத்தப்பட்ட கிளர்ச்சிப் படையினர் அதனை மறுத்தனர்.

அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அவர் உயிர்துறந்தது விருந்து முடிந்து வரும் வழியில் அன்று. இறந்தவருக்காக மன்றாடிவிட்டு, துயருற்றோரைத் தேற்றிவிட்டு வரும் வழியில். அது எந்தப் பங்குத்தந்தையும் திங்கள்தோறும் செய்கின்ற பணி. மந்தையில்லை என்று நாம் எவரை எண்ணினோமோ, அவர் போரில் சிதறிய ஒரு நாட்டையே தம் மந்தையாகக் கொண்டிருந்தார்.

மாற்றல் ஆணை கைக்கு வரும்போதெல்லாம் நாமும் கலங்கியிருக்கிறோம். நாம் எழுப்பிய கோவில், நாம் திருமுழுக்கு அளித்த குழந்தைகள் என்று மனம் பற்றிக்கொள்ளும். 'நம் மக்கள்' என்னும் அச்சொல்லில் அன்பும் உண்டு; உடைமை உணர்வும் உண்டு. மக்கள் ஆண்டவருடையவர்கள், நாம் அனுப்பப்பட்டவர்கள் மட்டுமே. சிறையிலிருந்தபோதும் தம்மைத் தூதுவர் என்றே கருதிய பவுலடியார் இதனை நன்கறிந்திருந்தார்.

புருண்டியில் விலகி நின்ற அந்தப் படையும் 2009-இல் ஆயுதங்களைக் கைவிட்டது. அதைக் காணப் பேராயர் இல்லை. விதைத்தவர் அறுவடையைக் காண வேண்டும் என்னும் நியதி இல்லை. அடுத்த ஆணை வரும் நாளில், இந்த நினைவோடு நம் பெட்டியைக் கட்டும் மனத்தை இறைவன் அருள்வாராக.